சிறு விபத்துக்குப் பிறகு பைக்: கைக்காசா, கிளெய்மா?

பைக் சறுக்கி விழுந்து, ஓட்டியவர் சிராய்ப்போடு தப்பிவிட்டால், “இதற்கெல்லாம் இன்சூரன்ஸில் கிளெய்ம் போடாதீர்கள், போனஸ் போய்விடும்” என்று மெக்கானிக் முதல் மாமா வரை எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போடாமல் சொல்லப்படும் இந்த அறிவுரை, சாதாரண பைக்குகளைப் பொறுத்தவரை பல சமயம் பொருந்துவதில்லை. போனஸ் என்று அவர்கள் சொல்வது, கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி.

முதலில் உங்கள் பாலிசியைத் திறந்து, ஓன் டேமேஜ் (உங்கள் வண்டியின் சேதத்துக்கான) பகுதி எந்தத் தேதி வரை உள்ளது என்று பாருங்கள். 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு தேர்டு பார்ட்டி (மற்றவர்களுக்கு ஏற்படும் இழப்புக்கான) காப்பீடு கட்டாயமாக்கப்பட்டதால், ஐந்து வருடத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்ற நிம்மதியில், ஓராண்டில் முடிந்துபோன ஓன் டேமேஜைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் ஏராளம். அந்தப் பகுதி காலாவதியாகியிருந்தால் உங்கள் வண்டியின் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. பிறகு யோசிக்க வேண்டியது பழுதைப் பற்றி மட்டுமே.

எதிரில் வந்தவருக்கோ பாதசாரிக்கோ காயம் பட்டிருந்தால் நிலைமை வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, காயமடைந்தவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்யவும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்கவும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தகவல் தரவும் ஓட்டுநரைக் கட்டாயப்படுத்துகிறது. நிறுவனத்தின் சம்மதமின்றிக் குற்றத்தை ஒப்புக்கொள்வதும் பணம் தருவதாக வாக்களிப்பதும் பாலிசி நிபந்தனைக்கு எதிரானவை என்பதால், சாலையோரத்தில் எழுதிக் கேட்கப்படும் எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம்.

அடுத்து வண்டி. விழுந்த இடத்திலேயே, நம்பர் பிளேட் தெரியும்படி நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்துவிடுங்கள். டூம், இண்டிகேட்டர், கண்ணாடி போன்றவை கண்ணுக்குத் தெரியும் சேதங்கள். செலவையும் உயிரையும் தீர்மானிப்பவை முன்பக்கத்தில் ஒளிந்திருக்கும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கத்தை ஒருவர் அழுத்தி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டால், ஹேண்டில் பாரை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் திருப்பிப் பார்க்கலாம். நடுவில் எங்காவது பிடித்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) அடிபட்டிருக்கக்கூடும். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் ரிம் ஆடுகிறதா, டிஸ்க் ஓரிடத்தில் உரசுகிறதா என்பது தெரியும். எதிரில் நின்று பார்க்கையில் சக்கரம் நேராகவும் ஹேண்டில் கோணலாகவும் இருந்தால் பதற்றப்பட வேண்டாம்: பல நேரங்களில் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்கள்) தன் பிடிப்பில் சற்றே முறுக்கியிருக்கும், போல்ட்டுகளைத் தளர்த்தி நேராக்கினாலே சரியாகிவிடும். ஃபோர்க் குழாயே வளைந்திருந்தால், லேத் பட்டறையில் பெண்டு எடுத்துத் தருவதாகச் சொன்னாலும் புதியது மாட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். விரிசல் விட்ட அலாய் வீலுக்கு வெல்டிங் வைப்பதை நினைக்கவே வேண்டாம். பழுது பார்க்காமல் ஓட்டி, அதனால் சேதம் அதிகமானால், அந்தக் கூடுதல் செலவுக்குப் பாலிசி பொறுப்பேற்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி கணக்கு. ஸீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத கூடுதல் காப்பீடு) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதி உங்கள் தலையில் விழும். உலோகப் பாகங்களுக்குக் கழிக்கப்படுவது வண்டியின் வயதைப் பொறுத்தது: மூன்று முதல் நான்கு வயதுக்குள் 25 சதவீதம், ஐந்தைத் தாண்டினால் 40, பத்தைத் தாண்டினால் 50. கூலியில் இந்தத் தேய்மானம் கிடையாது. ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு இருசக்கர வாகனத்துக்கு வெறும் 100 ரூபாய்.

மூன்றரை வயது பைக்குக்கு 5,000 ரூபாய் எஸ்டிமேட் என்று வைத்துக்கொள்வோம்: பிளாஸ்டிக் 2,600, உலோகம் 1,600, கூலி 800. நிறுவனம் தருவது 1,300, 1,200, 800 ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் 100 போக 3,200 ரூபாய். இழப்பது நோ கிளெய்ம் போனஸ். அது தேர்டு பார்ட்டி பிரீமியத்துக்கு இல்லை, ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டுமே உண்டு. கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கேற்ப 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும், ஒரே கிளெய்மில் பூஜ்யமாகும். போனஸ் கழிக்கும் முன் ஓன் டேமேஜ் பிரீமியம் 1,200 ரூபாய், இப்போதைய போனஸ் 35 சதவீதம் எனில், அடுத்த ஆண்டு 45 சதவீதத்தை, அதாவது 540 ரூபாயை இழப்பீர்கள்; பிறகு போனஸ் மறுபடி 20 சதவீதத்திலிருந்து ஏறுவதால் இழப்பு படிப்படியாக 360, 300, 180, 60. ஐந்தாண்டுக்கும் சேர்த்து 1,440, 18 சதவீத ஜிஎஸ்டியுடன் ஏறக்குறைய 1,700 ரூபாய். ஆகவே இங்கே கிளெய்ம் செய்வதே லாபம். அதே வண்டிக்கு 1,500 ரூபாய் பிளாஸ்டிக்கும் 500 ரூபாய் கூலியும் மட்டுமே செலவெனில் கிடைப்பது 1,150தான்; கைக்காசைப் போட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு ஓரிடத்தில் தலைகீழாகும். போனஸ் வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது; பழைய பைக்கை விற்று விரைவில் விலை உயர்ந்த பைக் வாங்கவிருப்பவர், சேர்த்த 50 சதவீதத்தைப் புதிய வண்டியின் பெரிய பிரீமியத்துக்கு எடுத்துச் செல்லலாம் என்பதால், சில்லறைச் சேதத்துக்கு அதைக் கரைக்கக் கூடாது.

கிளெய்ம் என்று முடிவெடுத்தால், நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) பார்க்கும் வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். ஆர்.சி., ஓட்டுநர் உரிமம், பாலிசி, எஸ்டிமேட் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். விபத்தன்று உரிமம் காலாவதியாகியிருந்தால் கிளெய்ம் மறுக்கப்பட வாய்ப்புண்டு. பிரித்த பிறகுதான் தெரியவரும் சேதங்களை மறுபடி காட்ட வேண்டியிருக்கும் என்று எஸ்டிமேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பின்னால் கண்டுபிடிக்கப்படும் வளைந்த ஃபோர்க் உங்கள் செலவாகிவிடும். நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் ஒர்க்ஷாப்பிலும் தேய்மானத் தொகையை நீங்கள் கட்டினால்தான் சாவி கைக்கு வரும். அதைக் கட்டுவதற்கு முன் பில்லில் உள்ள ஒவ்வொரு பாகமும் உண்மையில் மாற்றப்பட்டிருக்கிறதா என்று, கழற்றிய பழைய பாகங்களை எடுத்துக் காட்டச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள்.