டைம்ஷேர் மெம்பர்ஷிப்: கையெழுத்துக்கு முன்னால் காலண்டரை எடுங்கள்

மால் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருப்பார்கள். பெயரும் போன் நம்பரும் எழுதிப் போட்டால் குலுக்கல். நாலு நாள் கழித்து போன் வரும். "சார், மூணு நாள் ரிசார்ட்ல தங்குற வவுச்சர் உங்களுக்கு விழுந்திருக்கு. வாங்கிக்க வரும்போது மேடத்தையும் கட்டாயம் கூட்டிட்டு வாங்க." மேடம் எதற்கு? "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று நீங்கள் நழுவிவிடக் கூடாதே, அதற்குத்தான்.

நாங்களும் போனோம். ஏசி ஹாலில் மூன்று மணி நேரம். மலை, கடல், நீச்சல் குளம் என்று படங்கள் ஓடின. "எப்ப வேணும்னாலும், எங்க வேணும்னாலும்" என்ற வரியைப் பத்து தடவையாவது கேட்டிருப்பேன். அந்த வரி நம் குடும்பத்துக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு மாதக் காலண்டர், ஒரு பேனா, போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. ஒரு பெரிய தொகை கட்டி உறுப்பினராகச் சேர்ந்தால், வருடத்துக்கு இத்தனை இரவு என்று பல வருடங்களுக்கு அந்த நிறுவனத்தின் ரிசார்ட்டுகளில் தங்கலாம். வருடத்துக்கு 7 இரவு, 25 வருடம் என்பது நம் ஊரில் அதிகம் விற்ற கணக்கு. 1986-இல் தொடங்கிய ஸ்டெர்லிங், 1996-இல் வந்த கிளப் மகிந்திரா இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். நிலமோ கட்டடமோ உங்கள் பெயருக்கு வராது, தங்கும் உரிமை மட்டும்தான்.

படி 1: போன வருடக் காலண்டரில் வட்டம் போடுங்கள்

வரும் வருடத்தை எடுக்காதீர்கள். அதில் நாம் எல்லோருமே ஊர் சுற்றுகிறவர்கள்தான். போன வருடத்தை எடுத்து, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைத்த நாட்களை மட்டும் வட்டமிடுங்கள்.

எங்கள் காலண்டர் இப்படி இருந்தது. பையன் ஒன்பதாம் வகுப்பு. காலாண்டு லீவு செப்டம்பர் கடைசியில். வீட்டம்மா வங்கியில் வேலை. செப்டம்பர் 30 அரையாண்டுக் கணக்கு முடிப்பு, அந்த வாரம் லீவு என்று வாயைத் திறக்க முடியாது. அடித்தாயிற்று. பொங்கலுக்குச் சொந்த ஊர். மே மாதம் முழுக்கப் பள்ளி லீவு, ஆனால் மாமியார் ஊரில் கோயில் கொடை, அதில் ஒரு வாரம் போனது. அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு, அதனால் மே கடைசியில் டியூஷன் தொடங்கிவிட்டது. மிச்சம் இருந்தது மே நடுவில் ஒன்பது நாள், கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை ஒரு வாரம். 365 நாளில் அவ்வளவுதான்.

வட்டமிட்ட பிறகு இன்னொன்றும் பாருங்கள்: தொடர்ந்து ஏழு நாள் எங்காவது தங்கியிருக்கிறீர்களா? நாங்கள் ஒரு முறைகூட இல்லை. மூன்று நாள், மிஞ்சினால் நாலு. அதற்குள் அப்பாவுக்கு வீட்டுச் சாப்பாடு தேடிவிடும்.

படி 2: உங்கள் வட்டம் எந்த நிறத்தில் விழுகிறது?

வருடத்தின் எல்லா வாரங்களுக்கும் ஒரே விலை கிடையாது. கூட்டம் அலைமோதும் வாரம், சுமாரான வாரம், ஆள் வராத வாரம் என்று சீசன் பிரித்திருப்பார்கள். கிளப் மகிந்திராவில் மேலிருந்து கீழாக பர்ப்பிள், ரெட், ஒயிட், ப்ளூ என்று நான்கு நிறங்கள்; கூட்டம் அதிகமான வாரங்கள் மேல் நிறம். மேல் நிறம் வாங்கியவர் கீழ் நிறத்திலும் போகலாம். கீழ் நிறம் வாங்கியவர் மேலே ஏறுவது கஷ்டம். வேறு நிறுவனங்களில் பெயர் மாறும், ஏற்பாடு ஏறக்குறைய இதுதான்.

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஹாலில் கடைசி நேரத்தில், "இன்னைக்கு மட்டும் இந்த விலை சார்" என்று சொல்லித் தருவது பெரும்பாலும் கீழ் நிறமாக இருக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஜூலை மழையில் மூணாறு எதற்கு? சீசன் அட்டவணையைக் கேட்டு வாங்கி, உங்கள் வட்டங்களின் மேல் வைத்துப் பாருங்கள். ஒரே தேதிக்கு ஊருக்கு ஊர் நிறம் மாறலாம் என்பதால், நீங்கள் உண்மையிலேயே போக நினைக்கும் மூன்று ஊர்களுக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

இரவுகளுக்குப் பதில் வருடத்துக்கு இத்தனை பாயின்ட் என்று விற்கும் திட்டமென்றால் நிறம் இருக்காது, ஆனால் அதே சங்கதி வேறு வேஷத்தில் வரும். செவ்வாய்க்கிழமைக்குக் குறைந்த பாயின்ட், சனிக்கிழமைக்கு அதிகம். உங்கள் வட்ட நாட்களுக்கு எத்தனை பாயின்ட் என்று கூட்டிப் பாருங்கள்.

படி 3: அறை இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்

நிறம் சரியாக இருந்தாலும் அறை கிடைக்கும் என்று அர்த்தமில்லை. உரிமை வேறு, காலி அறை வேறு. மே மாதம் கொடைக்கானல் போக எல்லா மெம்பரும்தான் நினைப்பார்கள்.

இதைச் சோதிக்க நல்ல வழி, ஏற்கெனவே மெம்பராக இருக்கும் ஒருவரின் ஆப்பைத் திறந்து பார்ப்பது. சொந்தக்காரர், ஆபீஸ் நண்பர், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழு, யாராவது ஒருவர் கண்டிப்பாக மாட்டுவார். உங்கள் தேதிகளைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். பிறகு அவரிடம் ஒரே ஒரு கேள்வி: "போன மூணு வருஷத்துல நீங்க நினைச்ச தேதிக்கு நினைச்ச ஊர் எத்தனை தடவை கிடைச்சது?" என் நண்பர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒரு தடவை. அதுவும் அஞ்சு மாசம் முன்னாடியே போட்டதால" என்றார். ஆபீஸில் அஞ்சு மாதம் முன்னால் லீவு சொல்ல முடிகிறவர்கள் பாக்கியசாலிகள்.

மெம்பர் யாரும் தெரியாதா? விற்பனைப் பிரதிநிதியிடமே, "இந்த லேப்டாப்பில் மே 14-லிருந்து 17 வரைக்கும் தேடிக் காட்டுங்க" என்று கேளுங்கள். "சிஸ்டம் இப்போ டவுன் சார்" என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சங்கதி. 2024 மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று உயர் நீதிமன்றம் எண்ணிக்கையும் வைத்தது: ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ரிசார்ட்டில் அறை உறுதியாகியிருந்தாலும் இந்த வரிசையில் நீங்களும் நிற்க வேண்டியதுதான்.

படி 4: தலை எண்ணுங்கள்

சின்ன அறை வாங்கிவிட்டு அப்பா அம்மாவையும் கூட்டிப் போக நினைத்தால் நடக்காது. எத்தனை பேர், குழந்தை என்றால் எந்த வயது வரை, கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

படி 5: ஒரு இரவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்களுக்குச் சொன்ன விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். நுழைவுத் தொகை 4,00,000 ரூபாய். வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் 18,000, அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் 21,240. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் இதைக் கட்ட வேண்டும்.

25 வருடத்துக்கு 175 இரவு. 4 லட்சத்தை அதால் வகுத்தால் இரவுக்கு 2,286. பராமரிப்பு 21,240-ஐ 7-ஆல் வகுத்தால் 3,034. கூட்டினால் 5,320 ரூபாய். பரவாயில்லையே என்று தோன்றும்.

இப்போது படி 1-க்குப் போங்கள். எங்கள் வீட்டில் வருடத்துக்கு நாலு இரவுதான் தேறும். 100 இரவு என்றால் 4,000; 21,240-ஐ 4-ஆல் வகுத்தால் 5,310. மொத்தம் 9,310. அந்தக் காசுக்கு நினைத்த நாளில், நினைத்த ஊரில் நல்ல ஓட்டலிலேயே தங்கிவிடலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த 4 லட்சம் 7% வைப்பு நிதியில் கிடந்தால் வருடத்துக்கு 28,000 வட்டி. பராமரிப்புக்குக் கட்டும் 21,240-ஐயும் சேர்த்தால் ஒவ்வொரு வருடமும் ஊர் சுற்ற 49,240 ரூபாய் (வட்டிக்கு வரி இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்). அசலும் நம்மிடமே. இ.எம்.ஐ.யில் வாங்கினால் கணக்கு இன்னும் மோசமாகும். பராமரிப்புக் கட்டணம் வருடா வருடம் ஏறும் என்பதையும் சாப்பாடு தனிச் செலவு என்பதையும் நான் சேர்க்கவே இல்லை.

படி 6: விதிமுறைப் புத்தகத்தில் தேட வேண்டியவை

ஏழு இரவை மூன்றும் நாலுமாகப் பிரிக்கலாமா, வார இறுதியில் மட்டும் போகலாமா, போகாத வருடத்தின் நாட்கள் எத்தனை வருடம் வரை சேரும், கடைசி நேரத்தில் ரத்து செய்தால் எத்தனை இரவு கழியும். இவற்றைத் தேடி அடிக்கோடு போடுங்கள். ரத்து விதிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் நாள் பார்த்தா வரும்?

"வெளிநாட்டிலும் தங்கலாம்" என்பார்கள். 1974-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்.சி.ஐ. போன்ற பரிமாற்ற அமைப்புகள் வழியாக அது நடக்கிறது. உங்கள் வாரத்தை அங்கே கொடுத்து, வேறு யாரோ கொடுத்த வாரத்தை எடுத்துக்கொள்வது. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, விமான டிக்கெட் உங்கள் கைக்காசு. பாரிஸ் படத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

ஹாலில் வாயால் சொன்னது எதுவும் செல்லாது, எழுத்தில் இருப்பதே செல்லும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருக்கும். அதனால் சொன்னதை எல்லாம் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்ட தம்பதி, ஓய்வு பெற்றவர்கள், சொந்தத் தொழிலில் தன் லீவைத் தானே போட்டுக்கொள்கிறவர்கள், இவர்களுக்கு இது நன்றாகவே உதவும். கூட்டமில்லாத வாரத்தில் ஏற்காட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறவருக்குக் கீழ் நிறம்கூட லாபம்தான். எங்கள் வீட்டுக்கு ஒத்துவரவில்லை.

படி 7: ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா?

ஒப்பந்தத்தில் 'இத்தனை நாளுக்குள் விலகினால் பணம் திரும்பும்' என்று ஒரு அவகாசம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் அதற்குள் லாகின் வாங்கி, உங்கள் வட்ட நாட்களுக்கு அறை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். புக் செய்துவிடாதீர்கள். ஒரு முறை தங்கிவிட்டால் விலகும் உரிமை போய்விடும் என்ற நிபந்தனை இருக்கலாம். அறை இல்லையென்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, விலகல் கடிதத்தை மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். போனில் மட்டும் சொன்னால், "யார்கிட்ட சொன்னீங்க சார்?" என்று கேட்பார்கள்.

இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தின்படி நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ரசீது, மின்னஞ்சல், அந்த ஸ்கிரீன்ஷாட், கூடவே ஹாலில் கொடுத்த வண்ண வண்ண நோட்டீஸ், எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.