அந்தமான் கப்பலில் வாந்தி எடுக்காமல் போய்ச் சேர்வது எப்படி?

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் போனால் இரண்டரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். கப்பலில் போனால் ஏறத்தாழ மூன்று நாள். 2024இல் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். வங்காள விரிகுடா மாறவில்லை. முதல் முறை கப்பல் ஏறப் போகிறவர்களுக்காக, பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

என் முதல் பயணத்தில், துறைமுகத்தைத் தாண்டி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. கீழ்த்தளத்துப் படுக்கையில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கொட்டாவி வந்தது. இரவு சரியாகத் தூங்காததால் என்று நினைத்தேன். அடுத்தடுத்து இன்னும் நான்கைந்து வந்தன. வாயில் எச்சில் ஊறியது, கழுத்தில் சில்லென்று வியர்த்தது. எதிர்ப் படுக்கையில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, பேப்பரை மடித்து வை. மேலே போய்க் காற்றில் நில்” என்றார். தலையங்கத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். அதன்பின் ஒன்றரை நாள் பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்தபடியே கிடந்தேன்.

அந்தக் கொட்டாவிதான் முதல் எச்சரிக்கை மணி. வாந்தி கடைசியில் வருவது. கொட்டாவி, எச்சில், முகம் வெளுப்பது, காரணமில்லாத சோர்வு எல்லாம் அதற்கு முன்பே வந்துவிடும்.

இதற்கு வயிறு காரணமில்லை. உள்காதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்களும் அவற்றோடு சேர்ந்த சிறு உறுப்புகளும் உடல் அசைவதை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கீழ்த்தளத்தில் செய்தித்தாளைப் பார்க்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்பட, மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகிறது. ஐந்து விநாடிக்கு ஒரு தடவை மெதுவாகத் தூக்கி இறக்கும் அசைவுதான் மிக மோசமானது. பெரிய அலையில் கப்பல் ஆடுவது ஏறத்தாழ அந்தத் தாளத்தில்தான்.

படி 1: டிக்கெட் எடுக்கும்போதே தொடங்குங்கள்

சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தவர் அதிகம் அசைவதில்லை; நுனியில் இருப்பவர்தான் ஏறி இறங்குகிறார். கப்பலும் அப்படித்தான். நீளவாக்கில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்ப்பகுதி என்று கேளுங்கள். கூடுதல் பணம் கொடுத்து மேல்தளத்து அறை வாங்குகிறவர்கள் ஜன்னலோடு சேர்த்துக் கூடுதல் ஆட்டத்தையும் வாங்குகிறார்கள். மலிவான பங்க் படுக்கை கீழே இருப்பதால் ஆட்டம் குறைவு. ஆனால் காற்று இறுக்கம். பக்கத்தில் ஒருவர் வாந்தி எடுத்தால் அந்த வாடையே நம்மையும் இழுத்துவிடும். என் தேர்வு நடுத்தளம், நடுப்பகுதி.

நாள் குறிப்பது உங்கள் கையில் இருந்தால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம்.

படி 2: சரியான மாத்திரை, சரியான நேரத்தில்

பலர் சறுக்குவது இங்கேதான். மருந்துக்கடையில் போய் “வாந்தி மாத்திரை” என்று கேட்டால் பெரும்பாலும் ஆண்டான்செட்ரான் அல்லது டோம்பெரிடோன் கிடைக்கும். ஆண்டான்செட்ரான் புற்றுநோய் சிகிச்சையின்போதும் வயிற்றுக் கோளாறிலும் வரும் வாந்திக்கு நல்ல மருந்து. கடல் ஆட்டத்தால் வருவதற்கு அது அநேகமாகப் பயன்படாது. நானும் அதை நம்பித்தான் முதல் முறை ஏறினேன்.

பயண வாந்திக்கு என்று மருத்துவரிடம் கேளுங்கள். இங்கே பரவலாகக் கிடைப்பவை புரோமெதசின் (கடைப்பெயர் அவோமின்), சின்னரிசின் (கடைப்பெயர் ஸ்டுஜெரான்). இரண்டுமே தூக்கம் வரவழைக்கும், புரோமெதசின் அதிகமாக. மது கூடவே கூடாது. கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், ஆஸ்துமா, பார்கின்சன் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாமாக வாங்கிப் போடக் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் புரோமெதசின் தரவே கூடாது. அந்த வயதுக் குழந்தைகளுக்குக் கடல் ஆட்டம் அநேகமாக ஒன்றும் செய்வதில்லை. இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளவர்கள்தான் அதிகம் படுகிறார்கள்.

மாத்திரை குமட்டலுக்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். குமட்டல் தொடங்கிவிட்டால் இரைப்பை தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். விழுங்கியது ரத்தத்தில் கலக்காமல் அப்படியே கிடந்து வெளியே வந்துவிடும். சின்னரிசினைக் கப்பல் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு போடுவது வழக்கம். கவனியுங்கள், கப்பல் கிளம்புவதற்கு முன்பு. நீங்கள் ஏறுவதற்கு முன்பு என்று கணக்கிடாதீர்கள். ஏறி உட்கார்ந்த பிறகு பல மணி நேரம் துறைமுகத்திலேயே நிற்கவும் கூடும். முதல் மாத்திரையைக் கடலில் சோதிக்க வேண்டாம். ஒரு வாரம் முன்பு, வேலையில்லாத ஒரு நாளில் வீட்டில் போட்டு, எவ்வளவு தூக்கம் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இஞ்சிக்கு ஓரளவு சான்று உண்டு. 1988இல் வெளியான ஓர் ஆய்வில் டென்மார்க்கின் கடற்படைப் பயிற்சி மாணவர்கள் 80 பேர் பங்கேற்றார்கள். ஒரு கிராம் இஞ்சித்தூள் சாப்பிட்டவர்களிடம் வாந்தியும் குளிர்வியர்வையும் குறைந்திருந்தன. நான் இஞ்சி மரப்பா எடுத்துப் போகிறேன், மாத்திரையோடு கூடுதலாக. மணிக்கட்டை அழுத்தும் பட்டை சிலருக்கு உதவுவதாகச் சொல்கிறார்கள். ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை.

படி 3: அன்றைய சாப்பாடு

வெறும் வயிறும் ஆகாது, பிரியாணியும் ஆகாது. இட்லி, தயிர்சாதம், ரஸ்க் போதும்.

படி 4: முதல் ஆறு மணி நேரம்

கப்பல் நகரத் தொடங்கியதும் திறந்த தளத்துக்குப் போய், கப்பலின் நடுப்பகுதியில், முன்பக்கம் பார்த்து நில்லுங்கள். கடலும் வானமும் சேரும் கோட்டில் கண்ணை வையுங்கள். அந்தக் கோடு அசையாது; உடல் எப்படி ஆடுகிறது என்பதைக் கண்ணும் அறிந்துகொள்வதால் சாட்சிகளின் சண்டை ஓய்கிறது. பக்கத்தில் பாயும் அலையைக் குனிந்து பார்க்காதீர்கள். கைப்பேசியும் புத்தகமும் பையிலேயே இருக்கட்டும். டீசல் புகை வரும் பக்கத்தை விட்டு விலகி நில்லுங்கள். வேடிக்கை பார்க்கிறவரைவிடப் படகை ஓட்டுகிறவருக்குக் குமட்டல் குறைவு. பாய்மரப் படகு பழகப் போகிறவர்கள், முகம் வெளுக்கிறது என்றால் கூச்சப்படாமல் சுக்கானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மேலே நிற்க முடியாத இரவில் மல்லாந்து படுத்து, தலையைத் தலையணையில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பாதி சாய்ந்து, பாதிக் கண் திறந்து கிடப்பதுதான் இருப்பதிலேயே மோசமான நிலை.

படி 5: வந்தே விட்டால்

எக்காரணம் கொண்டும் கைப்பிடிக் கம்பிக்கு வெளியே தலையை நீட்டாதீர்கள். தலை சுற்றும் ஆள், ஈரத் தளம், ஆடும் கப்பல். விழுந்தால் நீங்கள் விழுந்ததை யாரும் பார்க்காமலே போகலாம். பையில்தான் எடுக்க வேண்டும். பையை இரண்டு அடுக்காக வைத்திருங்கள், ஓட்டை இல்லை என்று முதலிலேயே பார்த்துவிட்டு. (இதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.)

எடுத்ததும் சற்று நிம்மதி வரும். அப்போது ஒரு டம்ளர் நீரை மடமடவென்று குடித்தால் அதுவும் திரும்பும். ஓ.ஆர்.எஸ். கரைசலை ஸ்பூனால், ஓரிரு நிமிடத்துக்கு ஒரு வாய். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அது தங்கினால் ரஸ்க்.

எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எழுந்தால் மயக்கம் வருகிறது, வாந்தியில் ரத்தம் தெரிகிறது, குழந்தை துவண்டு கிடக்கிறது என்றால் உடனே கப்பல் மருத்துவரிடம் போங்கள். மாத்திரை தங்காதவர்களுக்கு ஊசி உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை. டிராஃபால்கர் கடற்போரில் வென்ற ஆங்கிலேயத் தளபதி நெல்சனுக்கே கடல் கொந்தளித்தால் குமட்டும். பீகிள் கப்பலில் 1831 முதல் 1836 வரை சுற்றிய டார்வினுக்குக் கடைசிவரை அது தீரவில்லை.

ஆனால் டார்வின் விதிவிலக்கு. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் மூளை ஆட்டத்துக்குப் பழகிவிடும். வேடிக்கை என்னவென்றால், பழகி முடித்து மூன்று வேளையும் சாப்பிடத் தொடங்கும்போது கப்பல் போர்ட் பிளேரின் ஹாடோ துறையில் போய் நின்றுவிடும்.

படி 6: இறங்கிய பிறகு

இப்போது தரை ஆடும். கப்பலுக்குப் பழகிய மூளை அசையாத தரையை நம்ப மறுக்கிறது. குளியலறையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் நான் ஒரு பக்கம் சாய்ந்து சுவரைப் பிடித்தேன். பெரும்பாலும் இரண்டு நாளில் அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஆட்டம் அடங்கும்வரை ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்க வேண்டாம், குளிக்கும்போது வாளிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள்.