முகாமுக்குப் போகும் பிள்ளையை வீட்டில் தயார்ப்படுத்துவது எப்படி

மலேசியாவில் விரும்பி ராணுவத்தில் சேர்கிறவர்கள் போர்ட் டிக்சனில் பல மாத அடிப்படைப் பயிற்சி பெறுவதோடு, அதன் பின்னும் அவர்களைத் திருத்த ஆண்டுக்கணக்கில் சார்ஜன்மார் உடன் இருக்கிறார்கள். 2025இல் மீண்டும் தொடங்கிய தேசிய சேவைப் பயிற்சிக்கு அழைக்கப்படும் பிள்ளைகளுக்கோ 45 நாள்தான். ஆகவே பத்தாங் காலி போன்ற தோட்டப்புற ஊரிலிருந்து போகும் பிள்ளைகள் சில பழக்கங்களை வீட்டிலேயே பழகிக்கொண்டு போவது நல்லது.

முதலில் பாதங்களைக் கவனியுங்கள். ஒரு மாதம் முன்பே சப்பாத்து வாங்கி, தடித்த காலுறையோடு செம்பனைக் காட்டுச் செம்மண் பாதையில் அரை மணி நேரம் நடக்கச் சொல்லி, அந்த நேரத்தை வாரந்தோறும் கூட்டுங்கள். குதிகால் சூடேறி எரியத் தொடங்கும்போதே நின்று பார்த்தால் ஒரு பிளாஸ்திரி போதும். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் நடந்தால் கொப்புளம் உடைந்து சீழ் வைக்கும். வலியை மறைப்பது வீரம் என்று நம் பிள்ளைகள் நம்புகிறார்கள். முகாமில் மிகுந்த கேடு விளைவிக்கும் தவறு அதுதான் என்பேன். வெயிலில் தலைவலியும் குமட்டலும் வந்தால் உடனே பயிற்றுநரிடம் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் உளறத் தொடங்கினால், நிழலுக்குக் கொண்டுபோய் உடலைத் தண்ணீரால் குளிர்வித்தபடியே உதவிக்குக் குரல் கொடுக்க வேண்டும்.

துப்பாக்கிக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். தோட்டா இல்லை என்று தெரிந்தாலும் குழல் முனையை ஆளை நோக்கித் திருப்பக் கூடாது. சுடும் நேரம் வரை விரல் விசையின் மேல் படக் கூடாது. ஒரு தோட்டா கணக்கில் குறைந்தால் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். வீட்டில் கண்ணாடி உடைந்தால் "நான்தான்" என்று சொல்லும் பிள்ளையை அடிக்காதீர்கள். அடி வாங்கிப் பழகிய பிள்ளை அங்கேயும் மறைக்கும்.

கீழ்ப்படிதலுக்கும் எல்லை உண்டு, உத்தரவு என்றாலும் கொடுமைக்குத் துணைபோகக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். 1948 டிசம்பரில் இதே பத்தாங் காலிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டுக் கொன்ற பிரிட்டிஷ் படைப்பிரிவில் கட்டாயச் சேவைக்கு வந்த இளைஞர்கள் பலர் இருந்தார்கள். படுக்கை கலைந்திருந்ததற்குத் தண்டால் எடுக்கச் சொல்வது திருத்தம். அதை முணுமுணுக்காமல் செய்யட்டும். இரவில் மூத்தவர்கள் கூடி அடிப்பது குற்றம். அதை அதிகாரியிடமும் வீட்டிலும் சொல்லியாக வேண்டும். கைப்பேசி கையில் இல்லாத நேரத்துக்காக, வீட்டு எண்ணையும் இன்னொரு உறவினர் எண்ணையும் பார்க்காமல் சொல்லும்வரை மனப்பாடம் செய்ய வையுங்கள்.