சில்லுக்குக் கீழே வலிக்கிறதா? முழங்கால் தசைநாணைத் தேற்றும் வழி

நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை மடக்குங்கள். முன்பக்கம் தடவினால் வட்டமான சில்லு தட்டுப்படும். அதன் கீழ்முனையிலிருந்து விரலை இறக்கினால், பட்டையாக, விறைப்பாக ஒன்று ஓடி கீழ்க்கால் எலும்பின் புடைப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். டாக்டர்கள் 'பட்டெல்லர் டெண்டன்' என்று சொல்வது இதைத்தான். தமிழில் தசைநாண். சில்லுக்கு மேலேயும் ஒன்று உண்டு, குவாட்ரிசெப்ஸ் டெண்டன். தொடைத் தசை இழுக்கும் இழுப்பு இந்த இரண்டின் வழியாகத்தான் காலை நீட்டுகிறது.

முழங்காலில் வலி என்றதும் "ஜவ்வு கிழிஞ்சிருச்சா?" என்று கேட்பது நம் வழக்கம். ஜவ்வு என்று சொல்லப்படுவது பெரும்பாலும் லிகமென்ட் (எலும்பை எலும்போடு கட்டும் நார்ப்பட்டை) அல்லது மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு). அந்தக் கதை வேறு, வைத்தியமும் வேறு. இங்கே தசைநாண் மட்டும்.

படி 1: அறுந்துவிட்டதா?

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கிப் பாருங்கள். குதித்து இறங்கும்போது 'டப்' என்று சத்தம் கேட்டு, முழங்கால் வீங்கி, இப்படித் தூக்கவும் முடியவில்லை என்றால் இந்தப் பதிவை இத்தோடு மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள், அன்றே. சில்லுக்கு மேலோ கீழோ விரல் பதியும் பள்ளம் தெரிந்தாலும் அப்படித்தான். முழுதாக அறுந்த நாண் தானாக ஒட்டாது. தைக்க வேண்டும். வாரங்கள் கடந்தால் தசை மேலே சுருங்கிப்போய், இழுத்துத் தைப்பது கடினமாகிவிடும். அறுவைக்குப் பிறகு சுமார் 6 வாரம் பிரேஸ் (முழங்காலைத் தாங்கும் கட்டு), அப்புறம் பிசியோதெரபி. விளையாட்டுக்குத் திரும்ப 6 மாதமாவது ஆகும், பலருக்கு இன்னும் கூட.

பிரேசிலின் ரொனால்டோவை (கிறிஸ்டியானோ இல்லை, மூத்தவர்) நினைத்துக்கொள்ளுங்கள். 1999 நவம்பரில் முழங்கால் தசைநாணில் அறுவை. 2000 ஏப்ரல் 12 அன்று மாற்று வீரராகக் களமிறங்கினார். சில நிமிடங்கள்தான், பந்தைக் கடத்திக்கொண்டு போகும்போதே முழங்கால் மடங்கி விழுந்தார். நாண் முழுதாக அறுந்திருந்தது. மீண்டும் ஆட ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. 2002 உலகக் கோப்பை இறுதியில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோல் போட்டதும் அதே முழங்காலோடுதான்.

படி 2: ஒற்றை விரலால் காட்டுங்கள்

அறுந்தால் உடனே தெரிந்துவிடும். நம்மில் பலருக்கு வருவது இழுத்து இழுத்து வரும் வலி. 1973லேயே இதற்கு 'ஜம்பர்ஸ் நீ' (குதிப்பவர் முழங்கால்) என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாலிபால், கூடைப்பந்து ஆடுபவர்களிடம் அதிகம்.

"எங்கே வலிக்கிறது?" என்று கேட்டால் சில்லின் கீழ்முனையில் ஒற்றை விரலை வைத்துக் காட்டுகிறீர்களா? குதித்தால் கூடுகிறதா? ஆட்டம் தொடங்கும்போது வலித்து, உடம்பு சூடானதும் குறைந்து, மறுநாள் காலை மறுபடி பிடித்துக்கொள்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் நாண்தான். முழு உள்ளங்கையால் முழங்காலைச் சுற்றிக் காட்டினால் வேறு காரணமாக இருக்கலாம். ஸ்கேனை மட்டும் நம்பாதீர்கள். வலியே இல்லாத விளையாட்டு வீரர்களின் நாணிலும் ஸ்கேனில் மாற்றம் தெரிவதுண்டு.

படி 3: குறையுங்கள், நிறுத்தாதீர்கள்

நான் செய்த தப்பு இது. எனக்கு வலி வந்தபோது ஆறு வாரம் முழு ஓய்வு எடுத்தேன். வலி சுத்தமாகப் போனது. களத்துக்குப் போன முதல் நாளே, மூன்றாவது குதியில், அதே இடம், அதே வலி. ஓய்வில் வலி அடங்கும், ஆனால் நாண் பலம் பெறாது. சும்மா இருந்தால் இன்னும் சோப்ளாங்கியாகும். அதனால் குதிப்பதையும் வேகமாக ஓடுவதையும் நிறுத்தி வைத்துவிட்டு, நடை, மிதிவண்டி போன்றவற்றைத் தொடருங்கள்.

எவ்வளவு சுமை சரி என்று அறிய ஓர் அளவுகோல் உண்டு. வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். பயிற்சியின்போது 3 வரை பரவாயில்லை. அதைவிட முக்கியம் மறுநாள் காலை. ஒரே படிக்கட்டில் ஒற்றைக் காலை மடக்கி மெதுவாக இறங்கிப் பாருங்கள். நேற்றுக் காலையைவிட வலி கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். நான் நாட்காட்டியில் எண்ணைக் குறித்து வைத்தேன். இரண்டு வாரத்தில் என் முழங்காலின் குணம் எனக்கே புரிந்துவிட்டது.

படி 4: அசையாமல் தாங்குங்கள்

சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களை முன்னே வைத்து, பாதி உட்கார்ந்த நிலைக்கு வழுக்கி இறங்குங்கள். நாற்காலி உயரம் வரை போக வேண்டாம். 45 விநாடி அப்படியே. பிறகு 2 நிமிடம் ஓய்வு. மொத்தம் 5 தடவை. தொடை நடுங்கும், நடுங்கட்டும். செய்து முடித்ததும் சிலருக்கு வலியே தணிந்துவிடும்.

படி 5: கனமாக, மெதுவாக

முக்கியமான வேலை இங்கேதான் நடக்கிறது, பலர் கைவிடுவதும் இங்கேதான். ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), லெக் பிரஸ் (இயந்திரத்தில் காலால் எடையைத் தள்ளுவது) போன்றவை, வாரத்துக்கு 3 நாள். இறங்க 3 விநாடி, ஏற 3 விநாடி. 15 முறை மட்டுமே தூக்க முடிகிற எடையில் தொடங்கி, வாரங்கள் போகப்போக எடையைக் கூட்டி எண்ணிக்கையைக் குறைத்து, 6 முறை மட்டும் முடிகிற எடைக்கு வாருங்கள். 12 வாரம் பிடிக்கும். நாணுக்கு அவசரம் தெரியாது. பக்கத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தால் நல்லது.

ஊசி, மாத்திரை

"ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டால் போதும்" என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். சில வாரம் வலி குறையும், ஆனால் நாண் பலவீனமாகி அறுந்துபோகும் ஆபத்து உண்டு. உங்கள் ரத்தத்தையே எடுத்துப் போடும் பிஆர்பி ஊசி, இந்த நாணைப் பொறுத்தவரை, உப்பு நீர் ஊசியை ஜெயித்ததாகத் தெளிவான ஆதாரம் இல்லை. இன்னொன்று: சிப்ரோஃப்ளாக்சாசின், லெவோஃப்ளாக்சாசின் வகை ஆன்டிபயாடிக்குகள் தசைநாணைப் பாதிக்கக்கூடியவை. வேறு நோய்க்காக எழுதினாலும், நாண் வலி இருப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 6: மறுபடி குதிக்க

படி 5ல் வலித்த காலும் மற்றக் காலும் தனித்தனியே ஒரே எடையைத் தூக்கும்போது தொடங்கலாம். முதலில் இரண்டு காலால் சின்னக் குதிகள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்புறம் ஒற்றைக் கால், அப்புறம் ஓடி வந்து குதிப்பது. ஒவ்வொரு முறைக்கும் மறுநாள் காலை, அதே படிக்கட்டு.