டைனோசர் அழிவைப் புதைபடிவங்களில் படிக்கும்போது நேரும் தவறுகள்

டைனோசர்கள் எப்படி அழிந்தன என்பதற்குச் சாட்சி சொல்பவற்றில் பல, டைனோசர் எலும்புகளே அல்ல. அழிவுக் காலத்தின் எல்லையாக விரல் கனத்தில் படிந்த ஒரு களிமண் பட்டை, மணற்பருக்கை அளவுக் கடலுயிர் ஓடுகள், பெரணிச் செடிகளின் ஸ்போர்கள், உருகித் தெறித்த கண்ணாடி மணிகள் ஆகியவைதான் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்ததை நுணுக்கமாகப் பதிந்து வைத்திருக்கின்றன. எலும்பு கிடைத்ததும் அது எந்த அடுக்கில், எந்த நிலையில் கிடந்தது என்று கேட்காமல் விடுவதால்தான் இங்கே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை நேர்கின்றன.

முதலில், மிகப் பரவலான தவறு. "எல்லைப் பட்டைக்குக் கீழே 3 மீட்டர் வரை டைனோசர் எலும்பே இல்லை, ஆகவே விண்கல் விழுமுன்பே அவை அழிந்துவிட்டன" என்று பல காலம் வாதிடப்பட்டது. அமெரிக்காவின் மொண்டானா பகுதியில் உள்ள ஹெல் கிரீக் பாறைகளை வைத்து எழுந்த வாதம் இது. கணக்கு எங்கே இடறுகிறது என்று பாருங்கள். ஒரு விலங்கின் எலும்பு சராசரியாக 5 மீட்டர் பாறைக்கு ஒன்றுதான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விலங்கு எல்லைக்கோடு வரை உயிரோடு இருந்திருந்தாலும், நமக்குக் கிடைக்கும் கடைசி எலும்பு கோட்டுக்குச் சில மீட்டர் கீழேதான் இருக்கும். அரிதான விலங்கு என்றால் இடைவெளி இன்னும் கூடும். இப்படிப் பல இனங்களின் "கடைசி எலும்பு"களை வரிசையாக அடுக்கினால், ஒரே நாளில் நடந்த அழிவுகூடப் படிப்படியாக நடந்ததுபோலத் தெரியும். பிலிப் சிக்னர், ஜியர் லிப்ஸ் இருவரும் 1982இல் இதை விளக்கினார்கள். அவர்கள் பெயரிலேயே இன்றும் இது அழைக்கப்படுகிறது.

2011இல் வெளியான ஓர் ஆய்வு அந்த 3 மீட்டர் வெற்றிடத்துக்குள் நுழைந்தது. டிரைசெராடாப்ஸ் வகையைச் சேர்ந்த விலங்கின் நெற்றிக்கொம்பு ஒன்று, சுமார் 45 செ.மீ. நீளம், சேற்றுப்பாறையில் கிடந்தது. கண்ணால் பார்த்து எல்லைக்கோட்டை முடிவு செய்யாமல், மண்ணைச் சிறு சிறு உயர இடைவெளியில் எடுத்து மகரந்தத்தை எண்ணினார்கள். கிரிட்டேசியஸ் காலத்து, அதாவது அழிவோடு முடிந்த காலத்து, மகரந்தம் எங்கே நின்றுபோகிறதோ அதுதான் கோடு. அந்தக் கோட்டுக்கும் கொம்புக்கும் இடைவெளி 13 செ.மீ.க்கு மேல் இல்லை. நிலக்கரிப் பட்டையின் அடியையோ மண்ணின் நிறமாற்றத்தையோ எல்லையாகக் கொள்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

இதன் மறுபக்கத் தவறும் உண்டு. எல்லைக்கு மேலே, அழிவுக்குப் பிந்தைய அடுக்கில் டைனோசர் பல் கிடைத்தால் "சில தப்பிப் பிழைத்தன" என்று சொல்லிவிடுவது. அதே மொண்டானாவின் பக் கிரீக் பகுதியில் பின்னாளைய ஆறு ஒன்று கிரிட்டேசியஸ் பாறையை அறுத்துக்கொண்டு ஓடி, பழைய பற்களை அரித்தெடுத்துத் தன் மணலில் புதிதாகப் புதைத்தது. பல்லின் வயது வேறு, மணலின் வயது வேறு. சந்தேகம் வந்தால் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: முனைகள் தேய்ந்து உருண்டிருக்கின்றனவா, கிடைப்பது தனிப் பற்களும் துண்டுகளும் மட்டும்தானா, சுற்றியிருப்பது ஆற்றுப்படுகையின் கரடு மணலா. மூன்றுக்கும் ஆம் என்றால் நம்பக் கூடாது. மூட்டோடு மூட்டு பொருந்திய எலும்புக்கூடு கிடைத்தால் அது வேறு செய்தி. அது அரிப்பில் பயணம் செய்து வந்திருக்க முடியாது.

டைனோசர் எலும்பைக் கார்பன் கொண்டு காலம் கணித்தார்கள் என்று எழுதுவது இன்னொன்று. கார்பன்-14இன் அரை ஆயுள் சுமார் 5,730 ஆண்டுகள். 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அளக்கும் அளவுக்கு எதுவும் மிஞ்சாது. உண்மையில் காலம் கணிப்பது எலும்புக்கு மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பலை. ஆர்கான் முறையிலோ, சாம்பலில் இருக்கும் சிர்கான் என்ற கனிமத்தின் மணிகளில் உள்ள யுரேனியம், ஈயம் அளவைக் கொண்டோ.

இனி, அந்தக் களிமண். 1980இல் லூயிஸ் அல்வாரெஸ், அவர் மகன் வால்டர், ஃபிராங்க் அசாரோ, ஹெலன் மிஷேல் ஆகியோர் இத்தாலியின் குப்பியோ ஊரருகே சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே இருந்த சுமார் 1 செ.மீ. களிமண்ணில், பூமியின் மேலோட்டில் அரிதாகவும் விண்கற்களில் அதிகமாகவும் இருக்கும் உலோகமான இரிடியம், இயல்பைவிட 30 மடங்கு இருப்பதைக் காட்டினார்கள். டென்மார்க்கில் அது 160 மடங்கு. 30 மடங்கு என்றதும் கொட்டிக் கிடப்பதாக நினைக்க வேண்டாம்: நூறு கோடியில் 9 பங்கு, அவ்வளவுதான். அதனால்தான் மாதிரி எடுக்கும்போது செய்யும் சிறு பிழையும் முடிவையே கெடுத்துவிடும். வெயிலும் மழையும் பட்ட மேல்தோலைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதுப் பாறை தெரியும்வரை உள்ளே வெட்ட வேண்டும். கீழிருந்து மேலாக எடுக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் உதிரும் தூள் கீழ் அடுக்கில் கலந்துவிடும். பிளாட்டின மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும், ஏனென்றால் பிளாட்டின நகையில் உறுதிக்காக இரிடியம் சேர்ப்பது உண்டு. இரிடியம் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் தவறு. அதிர்ச்சியில் குறுக்குமறுக்காக வரிகள் விழுந்த குவார்ட்ஸ் மணிகளும் கண்ணாடி மணிகளும் சேர்ந்து கிடைத்தால்தான் மோதல் உறுதி. மெக்சிகோவின் சிக்சுலுப்பில் புதைந்திருக்கும் சுமார் 180 கி.மீ. அகலப் பள்ளம் அந்த மணிகள் கிளம்பிய இடம்.

"விண்கல் விழுந்தது, எல்லாம் எரிந்து செத்தன" என்று சுருக்குபவர்கள் புதைபடிவங்கள் காட்டும் முக்கியமான வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள். நெருப்பு மட்டுமே காரணம் என்றால் முதலை, ஆமை, தவளை, சிறு பாலூட்டிகள் தப்பியதை விளக்க முடியாது. விழுந்த இடத்துப் பாறையில் ஜிப்சம் போன்ற கந்தக உப்புகள் இருந்தன. கந்தகமும் புகைக்கரியும் தூசியும் வெயிலை மறைத்தன. செடிகளின் ஒளிச்சேர்க்கை நின்றது. இலை தின்றவை பட்டினி, அவற்றைத் தின்றவையும் பட்டினி. ஆற்றில் மக்கிய இலைதழைகளை நம்பி வாழ்ந்த உணவுச் சங்கிலி ஓரளவு தாங்கியது. முதலை மாதக்கணக்கில் உண்ணாமல் இருக்கும். வட அமெரிக்காவில் எல்லைக்குச் சற்று மேலே மண்ணில் கிடைப்பது ஏறக்குறைய முழுக்கவே பெரணி ஸ்போர்கள். பாழ்நிலத்தில் முதலில் தலைதூக்கும் செடி அதுதான். எல்லா டைனோசர்களும் அழிந்தன என்பதும் சரியல்ல, பறவைகள் அந்தக் கிளையில் வந்தவை. பறக்கும் டெரோசர்களும் கடலில் வாழ்ந்த மோசசர்களும் அழிந்தது உண்மை. ஆனால் அவை டைனோசர்கள் அல்ல.

தக்காண எரிமலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. "விண்கல்லா, எரிமலையா" என்று இரண்டில் ஒன்றைக் கேட்பது நம்மூரில் அதிகம். எரிமலைக் குழம்பு மோதலுக்குச் சில லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே வழியத் தொடங்கி, மோதலுக்குப் பிறகும் வழிந்தது. குஜராத்தின் அஞ்சார் போன்ற இடங்களில் இரண்டு குழம்பு ஓட்டங்களுக்கு இடையே படிந்த வண்டலில் டைனோசர் எலும்பும் முட்டை ஓடும் கிடைத்திருக்கின்றன. முதல் ஓட்டங்களைத் தாண்டியும் அவை அங்கே வாழ்ந்து முட்டையிட்டன என்பதற்கு அதுவே சான்று. எரிமலைகள் தட்பவெப்பத்தைக் குலைத்திருக்கலாம். திடீர் முடிவுக்கு அவை மட்டும் போதவில்லை.

தமிழ்நாட்டில் அடிக்கடி நேரும் தவறு முட்டை பற்றியது. 2020 இறுதியில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று பரவின. அவை அம்மோனைட் (சுருள் ஓடுள்ள கல்நத்தை) போன்ற கடலுயிர் எச்சங்களைச் சுற்றிக் கனிமம் திரண்டு உருவான உருண்டைகள் என்று நிபுணர்கள் விளக்கினார்கள். அதே மாவட்டத்தின் காரை பகுதியில் உள்ள கடல்படிவங்கள் அழிவுக் காலத்துக்கு 2 கோடி ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவை. அங்கே கிடைக்கும் கல்நத்தைக்கும் டைனோசர் முடிவுக்கும் தொடர்பில்லை. அழிவுக்கு நெருங்கிய காலத்து டைனோசர் எலும்புகள் கிடைத்தது அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில். 1987இல் பெயரிடப்பட்ட புருகத்காயோசரஸ் என்ற டைனோசர் அங்கிருந்து வந்ததே. அந்த எலும்புகள் பின்னர் பொடிந்துபோனதால் இன்று படங்களும் வரைபடங்களும்தான் மிச்சம்.

எதிர்த் திசையிலும் நடக்கும். மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் குலதெய்வமாகக் கும்பிட்ட உருண்டைக் கற்கள் உண்மையிலேயே டைனோசர் முட்டைகள் என்று 2023இல் செய்தி வந்தது. ஆகவே வடிவத்தை நம்பாதீர்கள். நீர்த்த அமிலம் விட்டுப் பார்ப்பதும் உதவாது: முட்டை ஓடும் சுண்ணாம்பு, உருண்டையும் பெரும்பாலும் சுண்ணாம்பு; இரண்டும் நுரைக்கும். உடைந்த விளிம்பை லென்ஸில் பாருங்கள். முட்டை என்றால் ஓரிரு மில்லிமீட்டர் கனத்தில் தனி ஓடு, வெளிப்புறம் சொரசொரப்பான புள்ளிகள், ஊடே நுண்துளைகள் தெரியும். வெங்காயம்போல் அடுக்கடுக்காக உரிந்தாலோ நடுவில் சிப்பி இருந்தாலோ அது முட்டை அல்ல.

கல்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் அதன் அடுக்கு தொலைந்துபோகும். கிடந்தபடியே அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று. கைபேசியில் இருப்பிடத்தைக் குறியுங்கள். பாறையில் பதிந்திருந்ததா, ஓடையில் உருண்டு கிடந்ததா என்று எழுதி வையுங்கள். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவியுங்கள். கையில் எடுத்துவிட்ட துண்டாக இருந்தால் கழுவ வேண்டாம்: ஒட்டியிருக்கும் மண்ணில்தான் மகரந்தமும் நுண் ஓடுகளும் இருக்கும், அது எந்தக் காலத்து அடுக்கு என்பதை அவற்றை வைத்துத்தான் சொல்வார்கள்.