எரிபொருளில் இருந்து கந்தகத்தைக் கரைத்து எடுப்பது: ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேதியியல், கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் இறுதியாண்டில் இந்தத் தலைப்பை விரும்பி எடுக்கிறார்கள். நல்ல தலைப்புதான். ஆனால் நான் பார்த்த ரிப்போர்ட்களில் பாதிக்கு மேல் ‘எத்தனை சதவீதக் கந்தகம் போனது’ என்ற ஒரே எண்ணோடு முடிந்துவிடுகின்றன. கரைப்பான் பசுமையானதா இல்லையா என்று சொல்ல அந்த எண் மட்டும் போதாது, அதற்கு அப்புறம் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பின்னணி. 2020 ஏப்ரல் 1 முதல் வாகனப் புகைக்கான பிஎஸ் 6 விதி வந்தபோது பெட்ரோல், டீசலில் கந்தகத்தின் உச்ச அளவு 50 பிபிஎம்மில் (எடையில் பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்து 10 பிபிஎம் ஆனது. மணலியில் இருப்பது போன்ற சுத்திகரிப்பு ஆலைகள் இதை ஹைட்ரஜனைக் கொண்டு செய்கின்றன: 300 முதல் 400 டிகிரி செல்சியஸ் வெப்பம், அதிக அழுத்தம், கோபால்ட்-மாலிப்டினம் வினையூக்கி. கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாகப் பிரிந்து, கடைசியில் மஞ்சள் கந்தகமாகவே வெளியே வரும். தயோபீன் மாதிரி சின்ன மூலக்கூறுகள் சுலபமாகப் போய்விடும். 4,6-டைமீத்தைல் டைபென்சோதயோபீன் போன்றவைதான் அடம்பிடிக்கும், ஏனென்றால் கந்தக அணுவின் இரண்டு பக்கமும் மீத்தைல் குழுக்கள் காவல் நிற்பதால் வினையூக்கியின் பரப்பு அதை எளிதில் தொட முடியாது. அந்தக் கடைசித் துளிக்காக ஹைட்ரஜனும் வெப்பமும் ஏறிக்கொண்டே போகும். அந்த ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் இருந்தோ நாப்தாவில் இருந்தோ வருகிறது, அதைத் தயாரிக்கும்போது கார்பன் டை ஆக்சைடும் கூடவே வரும். அறை வெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில் ஒரு திரவத்தைக் கொண்டு கழுவி எடுக்க முடிந்தால் எவ்வளவு மிச்சம் என்ற கேள்வியில் இருந்துதான் இந்த ஆராய்ச்சியே பிறந்தது.

கரைப்பான் விஷயத்துக்கு வருவோம். 2001 வாக்கில் அயனித் திரவங்களைக் கொண்டு, அதாவது குறைந்த வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்புகளைக் கொண்டு தொடங்கினார்கள். ஆவியாகாது என்பதால் அதைப் பசுமை என்றார்கள். ஆனால் ஹெக்சாபுளோரோபாஸ்பேட் அயனி உள்ளவை தண்ணீர் பட்டால் மெல்லச் சிதைந்து ஹைட்ரஜன் புளோரைடு தரும், விலையும் அதிகம். அதனால் முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது ஆழ் யூடெக்டிக் கரைப்பான். இரண்டு பொருள்களைச் சரியான விகிதத்தில் கலந்தால், இரண்டின் உருகுநிலையையும் விடக் கீழே போய்த் திரவமாகிவிடும். கோலின் குளோரைடு 302 டிகிரியில் உருகும், யூரியா 133-இல் உருகும், 1:2 மோல் விகிதத்தில் சேர்த்தால் 12 டிகிரியிலேயே திரவம். இதை 2003-இல் வெளியிட்டார்கள். கோலின் குளோரைடு கோழித்தீவனத்தில் சேர்க்கும் பொருள், விலையும் குறைவு. ஆனால் கந்தகச் சேர்மங்களை இழுப்பதில் அந்தக் கலவை மந்தம். டெட்ராபியூட்டைல் அம்மோனியம் குளோரைடும் பாலிஎத்திலீன் கிளைக்கால் 200-ம் 1:2 விகிதத்தில் சேர்ந்தது இதைவிட நன்றாக வேலை செய்யும். உப்பு 27.8 கிராம், கிளைக்கால் 40 கிராம். 80 டிகிரியில் ஸ்டிரரில் போட்டு, கலங்கல் இல்லாமல் தெளியும்வரை கிளறுங்கள்.

இங்கே சென்னைக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். இந்த உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஒரு நவம்பர் மாதம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எடை போட்டேன். வாட்ச் கிளாசில் கொட்டிய வெள்ளைப் படிகம் ஓரத்தில் பளபளக்க ஆரம்பித்து, நான் கிளைக்காலை அளந்துவிட்டுத் திரும்புவதற்குள் அடியில் ஈரமாக ஒட்டிக்கொண்டது. தராசில் எண் ஏறிக்கொண்டே போனது. உப்போடு தண்ணீரையும் சேர்த்துத்தான் நிறுத்திருக்கிறேன் என்பது இரண்டு வார அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பிறகுதான் புரிந்தது, அத்தனையையும் தூக்கிப் போட்டேன். உப்பை வெற்றிட அடுப்பில் உலர்த்துங்கள், டெசிகேட்டரில் ஆறவிடுங்கள், எடுத்தவுடன் நிறுங்கள்.

மாதிரி எரிபொருளுக்கு பெட்ரோல் பங்கில் வாங்கிய டீசல் வேண்டாம். அதில் கந்தகம் ஏற்கெனவே 10 பிபிஎம்முக்குள், மற்ற சேர்மங்கள் நூற்றுக்கணக்கில். நிறையப் பேர் ஆக்டேன் எடுக்கிறார்கள். அதன் தீப்பற்று வெப்பநிலை 13 டிகிரிதான், சென்னையில் எந்த அறையும் எந்த மாதமும் அதற்கு மேலேயே இருக்கும். டோடெக்கேன் எடுங்கள், எழுபது டிகிரிக்கு மேல்தான் பற்றும். 100 மி.லி. என்றால் ஏறக்குறைய 75 கிராம். 500 பிபிஎம் கந்தகம் வேண்டுமென்றால் 37.5 மில்லிகிராம். அதற்குப் போடும் கந்தகச் சேர்மம் டைபென்சோதயோபீன், அதில் எடைப்படி 17.4 சதவீதம் கந்தகம், ஆக 215 மில்லிகிராம் போட்டால் சரி.

எரிபொருளும் கரைப்பானும் சம அளவு, 30 டிகிரி, அரை மணி நேரம் நன்றாகக் கிளறி, பிரிபுனலில் ஊற்றி அடங்கவிடுங்கள். எரிபொருள் மேலே நிற்கும். அதில் மிஞ்சிய கந்தகச் சேர்மத்தை, கலவையைப் பிரித்து அளக்கும் கருவிகளான எச்பிஎல்சி-யிலோ ஜிசி-யிலோ பாருங்கள். ஒரு சுற்றில் பாதி போகிறது என்று வைத்தால் 500, 250, 125, 62, 31, 16, 8 என்று இறங்க ஆறு சுற்று ஆகும், ஒவ்வொன்றுக்கும் புதுக் கரைப்பான். அதனால்தான் ‘ஒரு சுற்றில் 80 சதவீதம்’ என்றாலும் நான் உடனே சந்தோஷப்படுவதில்லை, 500-இல் அது இன்னும் 100 பிபிஎம்.

சுற்றுகளைக் குறைக்க முதலில் ஆக்சிஜனேற்றம் செய்யலாம். ஹைட்ரஜன் பெராக்சைடும் பார்மிக் அமிலமும் சேர்ந்தால் கந்தகச் சேர்மம், கந்தகத்தோடு இரண்டு ஆக்சிஜன் சேர்ந்த சல்போனாக மாறும். சல்போனின் முனைவுத்தன்மை அதிகம் என்பதால் கரைப்பானுக்குள் தானாக இறங்கும். இந்த வழியில் மீத்தைல் குழுக்கள் தடையாக நிற்பது குறைவு, கந்தகத்தின் மேல் எலெக்ட்ரான் அடர்த்தியைக் கூட்டி உதவவும் செய்யும். ஒரு மோல் கந்தகத்துக்கு ஆறு மோல் பெராக்சைடு என்று வைத்தால், மேலே சொன்ன 100 மி.லி.க்கு 30 சதவீதக் கரைசலில் 0.7 மி.லி. போதும். 50 டிகிரி, பியூம் ஹுட்டுக்குள், மூடியை இறுக்காமல். முடிந்ததும் தண்ணீரில் கழுவி, பெராக்சைடு துளியும் இல்லை என்று சோதனை ஸ்ட்ரிப்பில் பார்த்த பிறகே கரைப்பானைச் சேருங்கள். அந்தக் கண்ணாடிச் சாமான்களை அசிட்டோனில் அலசவே கூடாது. பெராக்சைடும் அமிலமும் அசிட்டோனும் சேர்ந்தால் வெடிக்கும் பொருள் உருவாகும். இதை மட்டும் ஜூனியர்களிடம் வாயால் சொல்லாமல் எழுதி ஒட்டுங்கள்.

இப்போது, ஆரம்பத்தில் சொன்ன அந்த மிச்ச வேலை. எரிபொருளை முன்னும் பின்னும் நிறுங்கள், எவ்வளவு கரைப்பானோடு போனது என்று தெரியும். டோடெக்கேனில் 20 சதவீதம் டொலுயீன் சேர்த்து இன்னொரு முறை ஓட்டுங்கள். உண்மையான டீசலில் அரோமாட்டிக் சேர்மங்கள் உண்டு, கரைப்பான் கந்தகத்தோடு அவற்றையும் இழுத்தால் எண்கள் சரியும். டொலுயீன் சேர்ந்தால் தீப்பற்று வெப்பநிலை மறுபடியும் இறங்கிவிடும், எனவே அந்த ஓட்டத்தைச் சூடாக்காமல், தீப்பொறி எதுவும் இல்லாத பியூம் ஹுட்டுக்குள் செய்யுங்கள். எரிபொருளுக்குள் உப்பு கசிந்ததா என்று, அதைக் கழுவிய தண்ணீரில் சில்வர் நைட்ரேட் சொட்டுவிட்டுக் குளோரைடு பாருங்கள்.

அப்புறம் மீட்டெடுப்பு. பயன்படுத்திய கரைப்பானில் தண்ணீரை ஊற்றினால் கந்தகச் சேர்மம் வெள்ளையாகப் பால் போல் திரளும். வடிகட்டுங்கள், தண்ணீரை ஆவியாக்குங்கள், அதே கரைப்பானை ஐந்து முறை பயன்படுத்தி ஒவ்வொரு முறையும் அளவெடுங்கள். அந்தத் தண்ணீரை ஆவியாக்க எவ்வளவு மின்சாரம் ஆனது என்பதை ஒரு சாதாரண மின் மீட்டரை மாட்டி எழுதிவைத்து, கந்தகம் போன சதவீதத்துக்குப் பக்கத்திலேயே அட்டவணையில் போடுங்கள். வடிதாளில் தங்கிய வெள்ளைப் பொடியையும் கழிவுத் தண்ணீரையும் சிங்க்கில் விடாமல், லேபிள் ஒட்டிய கழிவுக் கேனில் சேருங்கள்.