இரும்புச்சத்து மாத்திரை: அட்டையைப் படித்து வாங்குவது எப்படி?

எப்போதும் அசதி, முடி கொட்டுகிறது என்றதும் நேராக மாத்திரை வாங்கக் கிளம்ப வேண்டாம். முதலில் ரத்தப் பரிசோதனை. அதில் ஃபெரிட்டினையும் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இறங்கினால்தான் ரத்தசோகை என்பார்கள். உடலின் இரும்புச் சேமிப்பு அதற்கு முன்பே வற்றியிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின். எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

அடுத்து மாத்திரை அட்டை. நான் வெகுநேரம் முழித்த இடம் இது. 'ஃபெரஸ் சல்ஃபேட் 325 மி.கி.' என்று போட்டிருந்தால் அது அந்த உப்பின், அதாவது இரும்பு கலந்த சேர்மத்தின், மொத்த எடை. அதில் இரும்பு சுமார் 65 மி.கி.தான். ஃபெரஸ் ஃபியூமரேட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரும்பு, குளுக்கோனேட்டில் எட்டில் ஒரு பங்கு. ஆகவே இரண்டு அட்டைகளிலும் 300 என்று இருந்தாலும் உடலுக்குப் போய்ச் சேருவது ஒன்றல்ல. 'எலிமெண்டல் அயர்ன்' (உப்பில் உள்ள இரும்பின் எடை மட்டும்) என்ற வரியைத் தேடி, அந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். டாக்டர் அளவு சொல்லும்போதும் அது உப்பின் எடையா, இரும்பின் எடையா என்று கேட்டுவிடுங்கள்.

சரி, எப்போது சாப்பிடுவது? வெறும் வயிற்றில் நன்றாக உறிஞ்சப்படும். குமட்டினால் சாப்பாட்டோடு எடுக்கலாம். டீ, காபி, கால்சியம் மாத்திரை மூன்றையும் இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு டோஸ் போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, மறுநாள் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. அதனால் இடைவெளி விடுவதில் பெரிய நஷ்டமில்லை.

அசதிக்கு மூலிகை காப்ஸ்யூல் எடுக்கலாமா என்றால், அந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். பத்துப் பதினைந்து மூலிகைகளைக் கலந்து, எது எவ்வளவு என்று எழுதாத காப்ஸ்யூலைத் தொடவே மாட்டேன். ஒரே மூலிகை, அளவோடு இருந்தால் சரி. அதிலும் அசுவகந்தாவைக் கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் தவிர்க்க வேண்டும். சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் பதிவாகியிருக்கிறது.

பின்சேர்க்கை: முடிக்காகப் பயோட்டின் (ஒரு வகை பி வைட்டமின்) எடுப்பவர்கள் சிலர், தைராய்டு ரிசல்ட் குழப்பமாக வந்ததாகச் சொன்னார்கள். அதிக அளவு பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளைத் தப்பாகக் காட்டவைக்கும். ரத்தம் கொடுக்கும் முன்பே லேபிலும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.